பதினான்கு மீட்டர்

ஐந்தாம் தெரு இவ்வளவு நீளம் என்று ஹேமலதாவுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. நூற்றெண்பத்தாறு மீட்டர் என்பது எப்போதோ தெரியும், வரைபடத்தில் அந்தக் கோட்டை இழுத்தவளே அவள்தான். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்து மவுஸால் இழுத்த கோட்டில் காலால் நடப்பது வேறு சமாசாரமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தரை மணி. கையில் போன், போனில் வரைபடம், வரைபடத்தில் அவளாகிய நீலப் புள்ளி தெருவோடு ஊர்ந்துகொண்டிருந்தது. புள்ளிக்கு வியர்க்கவில்லை, அவளுக்கு வியர்த்தது. வசந்தம் அவென்யூவுக்குக் குடிவந்து மூன்றரை வருடம். இரண்டாம் தெருவில் வீடு. இருந்தும் இந்தத் தெருவின் கடைசிவரை ஒருநாளும் வந்ததில்லை, வர வேண்டிய வேலை இல்லை, யாருக்குமே இல்லை, கடைசியில் நான்கைந்து தூங்குமூஞ்சி மரங்கள் மட்டும்தான் என்று எல்லாரையும்போல அவளும் சொல்லிக்கொண்டிருந்தாள். மாடியில் துணி காயப்போடும் அம்மாள் ஒருத்தி குனிந்து பார்த்தாள். பார்க்கட்டும், நடப்பது ஒன்றும் குற்றமில்லை, டாக்டர் நடக்கச் சொன்னார் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் யாரும் கேட்கவே இல்லை, கேட்காத கேள்விக்கு எதற்கு மனசு பதில் தயாரிக்கிறது? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்த பழமொழி, அப்போது அது வெறும் இரண்டு மார்க். ஒரு வீட்டு வாசலில் புதுப் பூந்தொட்டிகள் மூன்று, மண் இன்னும் ஈரமாக இருந்தது. பக்கத்து வீட்டு கேட்டுக்குப் பச்சைப் பெயிண்ட். கேட்டைப் பார்க்க வேண்டாம். கேட்டைப் பற்றி இப்போது வேண்டாம்.

பூந்தொட்டிகளில்தான் எல்லாம் ஆரம்பித்தது. பதினோரு நாளுக்கு முன்னால், ஒரு புதன்கிழமை, குடியிருப்போர் சங்கத்து வாட்ஸப்பில் தியாகராஜன் சார் எழுதியிருந்தார்: இன்று காலை எட்டே காலுக்கு ஓர் ஆம்புலன்ஸ் நம் ஐந்தாம் தெருவில் புகுந்து, கடைசிவரை போய், திருப்ப இடமில்லாமல் ரிவர்ஸில் வந்து என்னுடைய மூன்று தொட்டிகளை உடைத்துவிட்டுப் போனது, வாட்ச்மேன் என்ன செய்கிறார், கண்ட வண்டியும் உள்ளே வருவதற்கு இது என்ன சத்திரமா? கீழே வருத்த முகங்கள், கோப முகங்கள், தொட்டிக்காக. ஒருவர் எழுதினார், டிரைவரைக் கேட்டதற்கு மேப் இப்படித்தான் காட்டியது என்றானாம். ஆபீசில் ஏற்றுமதிக் காகிதங்களுக்கு நடுவே அதைப் படித்த ஹேமலதா வரைபடத்தைத் திறந்து பார்த்தாள், அவள் இழுத்த கோடு அப்படியே இருந்தது. மறுநாள் இஸ்திரிக்காரர் துணியை மடித்துக்கொண்டே சொன்னார், "செவுத்துக்கு அந்தப்பக்கம் ஓடைக்காலனியில ஆறுச்சாமின்னு பெயிண்டரு இருந்தாருங்க. நெஞ்சுவலின்னு ஆஸ்பத்திரி வண்டியக் கூப்புட்டிருக்காங்க. வண்டி இந்தப்பக்கம் வந்துருச்சு. அப்பறம் சுத்திப் போறதுக்குள்ள முடிஞ்சு போச்சுங்." சொல்லிவிட்டு, ஒன்பது துணி என்றார். செவுரா, எந்தச் செவுரு என்று அவள் கேட்டாள். கேட்டபோதே தெரியும், அது நாடகம். இஸ்திரிக்காரர் அவளை ஒருமாதிரி பார்த்தார், இந்த ஊரில் இருந்துகொண்டு இப்படியும் ஒரு கேள்வியா என்பதுபோல. சங்கத்துத் தீர்மானத்தில் அதற்குப் பாதுகாப்புச் சுவர் என்று பெயர். யாரிடமிருந்து பாதுகாப்பு என்று தீர்மானத்தில் எழுதவில்லை, எழுதாவிட்டாலும் படிக்கத் தெரியாதவர்கள் யாரும் அங்கே குடியிருக்கவில்லை.

அந்தக் கோட்டை இழுத்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு அப்படியே நினைவிருக்கிறது. குடிவந்த ஆறாவது மாதம். வந்த புதிதில் கேஸ் சிலிண்டர்காரர் வழி தெரியாமல் இரண்டு முறை திரும்பிப் போனார், அந்தக் கடுப்பில்தான் இந்தத் திறந்த வரைபடத்துக்குள் வந்தாள், யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம் திருத்தலாம் என்றார்கள். முதலில் தன் வீட்டைப் போட்டாள். சிலிண்டர் வந்தது. அந்தச் சந்தோஷம் இருக்கிறதே, இல்லாத ஊரை இருக்க வைத்த சந்தோஷம், விடவில்லை. தெரு, கோயில், ரேஷன் கடை, குடிநீர்த் தொட்டி என்று வாரா வாரம் போட்டாள். அப்புறம் போட்டி வைத்தார்கள், ஒரு மாதத்தில் யார் அதிகம் சேர்க்கிறார்கள் என்று. கடைசி நாள் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தாள், செயற்கைக்கோள் படத்தில் ஐந்தாம் தெரு மரநிழலுக்குள் போய் மறைந்தது, நிழலுக்கு அந்தப்பக்கம் இன்னொரு சந்து அதே நேரில் புறப்பட்டுப் போனது. நடுவே பச்சை. பதினான்கு மீட்டர் பச்சை. மூன்று வினாடி பார்த்தாள். இரண்டு சந்து எதிரெதிரே முகம் பார்த்து நின்றால் நடுவில் வழி இல்லாமலா போகும்? இந்தப்பக்கம் ஒரு கிளிக், அந்தப்பக்கம் ஒரு கிளிக். நடந்து பார்க்காததைப் போடாதே என்பது இந்த வேலையின் முதல் பாடம், அவளே பிற்பாடு கல்லூரிப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுத்துச் சொன்ன பாடம், ஊருக்கு உபதேசம். போட்டியில் இரண்டாம் பரிசு வந்தது. ஒரு பை கொடுத்தார்கள், அந்தப் பையில்தான் இப்போதும் காய்கறி வாங்குகிறாள்.

கோட்டை அழிக்க எத்தனை நேரம் ஆகும்? பத்து வினாடி. பதினோரு நாளாக அழிக்கவில்லை. தினமும் அந்த இடத்தைத் திறப்பாள், தொட்டால் கோடு மஞ்சளாக ஒளிரும், விரல் குப்பைத்தொட்டிப் படத்துக்கு மேலே போய் நிற்கும், நின்று திரும்பும். முதல் நாள் காரணம், நேரில் பார்க்காமல் அழிக்கக் கூடாது. போடும்போது இல்லாத ஆசாரம் அழிக்கும்போது வந்துவிட்டது. இரண்டாம் நாள் காரணம், வரலாறு. அந்த வரைபடத்தில் எதுவும் சும்மா அழியாது, யார் போட்டார், யார் எடுத்தார், எந்தத் தேதி, எந்த நிமிடம் எல்லாம் அடுக்கி வைத்திருக்கும். இந்தக் கோட்டைத் தட்டினால் வரும்: சேர்த்தவர் மைல்கல், ஞாயிறு, மூன்று மணி பன்னிரண்டு நிமிடம். மைல்கல் என்பது வரைபடத்தில் அவள் வைத்துக்கொண்ட பெயர், அது யார் என்று இந்தக் குடியிருப்பில் ஒருத்தருக்கும் தெரியாது. ஆனால் மனுஷன் செத்த மறுநாள் மைல்கல்லே வந்து அழித்தது என்று இன்னொரு வரி கீழே சேர்ந்தால்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். அதற்குள் இன்னொரு வண்டி வந்தால்? இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எழுந்துபோய்த் தண்ணீர் குடிப்பாள். வண்டி ரிவர்ஸ் எடுக்கும்போது வருமே அந்த பீப் பீப் சத்தம், அது இப்போது மிக்ஸிக்குப் பின்னால் கேட்கிறது, ஆபீஸ் லிஃப்டில் கேட்கிறது. அன்றைக்குக் காலையும் கேட்டதா? எட்டே கால். அவள் குளித்துக்கொண்டிருந்திருப்பாள். தன் வீட்டுப் பச்சைக் கேட்டுக்குள், தாழ்ப்பாள் போட்டு. வேண்டாம், கேட் வேண்டாம்.

மரங்கள் வந்தன. நிழல் வந்தது. நிழலுக்குள் சுவர் நின்றது. அவள் எதிர்பார்த்ததைவிடச் சாதாரணமாக இருந்தது, அதுதான் அவளை உலுக்கியது. ஹாலோபிளாக் கல், ஏழெட்டு அடி, மேலே பதித்த பாட்டில் துண்டுகள், யாரோ சுண்ணாம்பில் எழுதி அழித்த ஒரு போன் நம்பர். தார் ரோடு சுவருக்குக் கீழே நழுவிப் போவதுபோல அப்படியே முடிந்தது. தரையில் வண்டிச் சக்கரம் அரைத்துத் திருப்பிய தடம் இன்னும் இருந்தது, முன்னும் பின்னுமாக, முன்னும் பின்னுமாக, எத்தனை தடவை முயன்றிருப்பான் அந்த டிரைவர். ஹேமலதா சுவரில் கை வைத்தாள். சூடாக இருந்தது. போனைப் பார்த்தாள், நீலப் புள்ளி சற்றுத் தயங்கிற்று, நடுங்கிற்று, பிறகு அவள் நகராமலே அவளை விட்டுவிட்டுச் சுவரைத் தாண்டி அந்தப்பக்கம் போய் நின்றது. மரத்தடியில் சிக்னல் தடுமாறும், ஐந்து பத்து மீட்டர் தள்ளிக் காட்டும், இது அவளே வகுப்பில் சொல்வது. சொல்வதுதான். ஆனாலும் உடம்பு சிலிர்த்தது. உயிருள்ள ஒருத்தி இங்கே நிற்க, அவளுடைய புள்ளி அங்கே, அவளால் போக முடியாத சந்தில், யாருக்காகவோ காத்துக்கொண்டு நின்றது. இனிமேலும் ஏன்? பார்த்தாயிற்று. கோட்டைத் தொட்டாள், மஞ்சளாயிற்று, பதினான்கு மீட்டரை மட்டும் வெட்டினாள், அழித்தாள். அந்த இடத்தில் குறுக்காக ஒரு கோடு போட்டு, சுவர் என்று குறித்தாள். என்ன மாற்றினீர்கள் என்று கேட்டது கட்டம். அது எல்லாரையும் கேட்கும், அவளைக் கேட்டதுபோல இருந்தது. நேரில் பார்த்தேன், சுவர் இருக்கிறது, என்று எழுதி அனுப்பினாள். பத்து வினாடியெல்லாம் இல்லை, ஒரு நிமிடம் ஆனது. முடிந்தது. ஒரு பாரமும் இறங்கவில்லை.

"யாரது அங்க நிக்கறது?"

சுவரே கேட்டதுபோலத் தூக்கிவாரிப் போட்டது. மரத்து வேர் முட்டிச் சுவரில் ஓரிடத்தில் விரல் நுழைகிற அகலத்துக்கு வெடிப்பு. அதற்குள் வெளிச்சம், ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் குடத்தின் விளிம்பு, பாத்திரம் கழுவுகிற கை. பெண் குரல், ஐம்பது வயதிருக்கும்.

"நான்... ரெண்டாந்தெருவுல இருக்கேனுங்க."

"செல்லுல செவுத்தப் புடிக்கறீங்களாட்ட இருக்குது? இத எடுக்கச் சொல்லி நாங்க மனுக் குடுத்தமே, அதுக்கு வந்தீங்களா?"

"இல்லீங்க, அதுக்கில்ல."

"பின்ன எதுக்குங்க? அந்தப்பக்கத்துக்காரங்க இங்க வந்து நின்னு நாம் பாத்ததே இல்லியே."

போய்விடலாம். வெடிப்பு வழியாக அந்தப் பெண்ணுக்குத் தெரிவது ஒரு சுடிதார்த் துண்டு மட்டும்தான், நாளைக்குச் சந்தையில் எதிரே வந்தாலும் அடையாளம் தெரியாது. கோடும் போயிற்று. இனி இந்த இடத்தில் எந்த வண்டியும் ஏமாறாது. நல்லதைச் செய்துவிட்டு நல்லபடியாக வீட்டுக்குப் போய்க் குழம்பு வைக்கலாம். கால் திரும்பக்கூடத் திரும்பியது. ஆனால் வாய் முந்திக்கொண்டது.

"ஆறுச்சாமிங்கறவரு வீடு எதுங்க?"

பாத்திரச் சத்தம் நின்றது. "அவரு ஊட்டுக்காரிதான் பேசறேன். பழனாத்தா. என்ன விசயம்?"

பதினோரு நாளில் ஹேமலதா இதை நூறு விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தாள், அத்தனையும் இப்போது எங்கேயோ போய்விட்டன. "அன்னைக்கு ஆம்புலன்ஸ் இந்தப்பக்கம் வந்ததில்லீங்களா. மேப்புல இங்க வழி இருக்குன்னு போட்டிருந்துச்சு. அதப் போட்டது நானுங்க. செவுரு இருக்கறது தெரியாமப் போட்டுட்டேன்."

காற்றில் மரத்துக் காய் ஒன்று விழுந்தது. வெடிப்பில் வெளிச்சம் மறைந்தது, அந்தப் பெண் எழுந்து கிட்டே வந்துவிட்டாள், மூச்சு கேட்டது.

"தெரியாமத்தானுங்களே போட்டீங்க," என்றாள் பழனாத்தாள்.

அது கேள்வியா, மன்னிப்பா? மன்னிப்பென்று எடுத்துக்கொள்ளலாம். ஆமாங்க என்று ஒரு சொல் போதும், அந்தச் சொல் உண்மையும்கூட, போட்டபோது தெரியாதுதான். அந்தச் சொல்லுக்கு முன்னால் வந்து நின்றது கேட். இனிமேல் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. இரண்டு வருடம் முன்பு, பொங்கலுக்கு முந்தின வாரம், அவள் வீட்டு கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்க ஒருவர் வந்தார். ஒன்பதுக்கு வரச் சொன்னால் ஒன்பதரை, சைக்கிள் ஹேண்டிலில் பச்சைப் பெயிண்ட் டப்பா, கண்ணாடியில் ஒரு காது நூலால் கட்டியது. ஆபீசுக்கு லேட் என்ற எரிச்சலில் அவள், ஓடைக்காலனியிலிருந்து இங்கே நாலு நிமிஷம்தானே, இதுக்கா இவ்வளவு நேரம் என்றாள். நாலு நிமிசங்களா என்று அவர் சிரித்தார், நாங்க சுத்தித்தானுங்களே வரோணும். அவள் விடவில்லை, போனை எடுத்துக் காட்டினாள், இதோ பாருங்க, வழி இருக்குது. அவர் கண்ணாடியைச் சட்டையில் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து மரியாதையாகப் பார்த்தார். "அங்க செவுரல்லங்க இருக்குது, அம்மிணி. மேப்புக்கென்னுங், அது போயிரும். நாங்க போக முடியாதுங்." அவளும் சிரித்தாள். ஞாயிற்றுக்கிழமை திருத்திவிடலாம் என்று நினைத்தாள். அந்த ஞாயிறு வரைபடக் குழுவில் குளக்கரைப் பாதை வரைந்தார்கள், அடுத்த ஞாயிறு யாருக்கோ கல்யாணம், அதற்கடுத்து மறந்தது. மறந்ததா? அறுநூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்து எடுத்த படத்தை நம்பினாள், தினம் சைக்கிளில் சுற்றி வருகிறவர் சொன்னதை நம்பவில்லை. இல்லை, நம்பினாள். நம்பியும், பெயிண்டர் சொன்னதற்காக உடனே எழுந்து உட்கார்ந்து திருத்த வேண்டும் என்று தோன்றவில்லை. அதைவிட இது மோசம். கேட் நன்றாகவே வந்தது, இரண்டு மழைக்கும் உரியவில்லை.

"இல்லீங்க," என்றாள் ஹேமலதா. "தெரியும். அவரே சொன்னாரு. எங்க வீட்டு கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வந்தப்ப, செவுரு இருக்குது, சுத்தித்தான் வரோணும்னு சொன்னாரு. நாந்தான் ரெண்டு வருசமா மாத்தாம விட்டுட்டேன்."

திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள், கூட்டத்தைக் கூப்பிடுவாள், அதெல்லாம் நடந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட ஹேமலதாவுக்குத் தோன்றியது. சுவரில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள். அழுகை வந்தது, அழ எனக்கென்ன பாத்தியதை என்று அதையும் விழுங்கினாள்.

"பச்சக் கேட்டா?" என்றது குரல்.

"ஆமாங்க."

"அந்த டப்பாவுல மிச்சம் இருந்ததுலதான் எங்கூட்டுக் கதவுக்கும் அடிச்சாரு. அந்தம்மா மிச்சத்த எடுத்துக்கச் சொல்லீட்டாங்க, நல்ல மாதிரின்னாரு." கொஞ்சம் நிறுத்தி, "இப்புடிச் செவுத்தப் பாத்துப் பேசறது சரியில்ல. மூஞ்சியப் பாக்கோணும். சுத்தி வாங்க," என்றாள்.

ஹேமலதா நடந்தாள். பழக்கதோஷம், கிளம்பும்போதே கை தானாகப் போனில் தடம் பதிவை அழுத்திவிட்டது. சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு புறப்பட்டால்தான் சுவருக்கு அந்தப்பக்கம் போக முடியும் என்பது என்ன கொடுமை. ஐந்தாம் தெரு, புதுத் தொட்டிகள், துணி காயப்போட்ட அம்மாள் இப்போது உள்ளே போய்விட்டாள். மூன்று நிமிடம். வாட்ச்மேன் எழுந்து சலாம் வைத்தார், எங்கேங்க மேடம் வெயில்ல என்றார், பக்கத்துலதான் என்றாள், சொன்ன பிறகு நாக்கு கசந்தது. ஆறு நிமிடம். மெயின் ரோட்டில் நிழல் இல்லை, லாரிகள் உரசிக்கொண்டு போயின, செருப்புக்குள் மணல். நல்ல மாதிரி என்றாராமே, மிச்சப் பெயிண்டைக் கொடுத்தது நல்ல மாதிரியாலா, வீட்டில் வைத்தால் நாறும் என்றுதானே கொடுத்தாள். பெட்ரோல் பங்க், பன்னிரண்டு நிமிடம். இந்த வழியாகத்தான் தினம் வந்தாரா, டப்பாவோடும் ஏணியோடும், வந்து லேட் என்று பேச்சும் வாங்கினாரா. நீ எதற்கு இதெல்லாம் மேலே போட்டுக்கொள்கிறாய், சுவரைக் கட்டியது நீயா, என்று உள்ளே ஒன்று ஆறுதலாகக் கேட்டது, தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் தொட்டி வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார்களே. அந்த ஆறுதல் இனித்தது, அதனாலேயே அவள் அதை நம்பவில்லை. ரயில்வே கேட். மூடியிருந்தது. சரக்கு ரயில், முடிவே இல்லாமல் பெட்டி பெட்டியாக. பெட்டிகளை எண்ணத் தொடங்கி நாற்பதில் விட்டாள். கேட் திறக்கும்வரை நிற்பது தவிர மனுஷனால் ஒன்றும் செய்ய முடியாது, வண்டியில் சைரன் இருந்தாலும் முடியாது. போனைப் பார்த்தாள், இருபது நிமிடம். திரையில் அவள் வந்த தடம் நீலக் கோடாக வளைந்து வளைந்து கிடந்தது. புறப்பட்ட இடத்துக்கும் போய்ச்சேர வேண்டிய இடத்துக்கும் நடுவே ஒரு நகக்கண் அளவு இடைவெளி, அதைச் சுற்றிக்கொண்டு ஊரளவு கோடு. கேட் திறந்தது. ஓடைப் பாலம், இருபத்துமூன்று. காலனிக்குள் நுழைந்தபோது பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அவள் வரைபடத்தில் இந்தச் சந்துக்குப் பெயரே போட்டிருக்கவில்லை, பெயர் கேட்க யாரும் வந்ததில்லை. கடைசி வீட்டுக் கதவு பச்சை.

பழனாத்தாள் சுவரோரம் அதே வெடிப்புக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள், ஒடிசலான பெண், ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு. பின்னால் தூங்குமூஞ்சி மரத்தின் கிளைகள் சுவரைத் தாண்டி இந்தப்பக்கமும் நிழல் கொடுத்தன. ஹேமலதாவின் முகத்தை அவள் நிறைய நேரம் பார்த்தாள். ஹேமலதா பார்வையை விலக்கவில்லை, அது ஒன்றுதான் அவளால் கொடுக்க முடிந்தது.

"எத்தன நிமிசமாச்சுங்க?"

ஹேமலதா போனைப் பார்க்காமலே சொன்னாள், "இருவத்தாறு."

"திருப்பி எடுத்து, ரயில் கேட்டுல நின்னு, வண்டிக்கும் அவ்வளவுதான் ஆச்சு," என்றாள் பழனாத்தாள். வாசலில் கிடந்த நாற்காலியை இழுத்து நிழலில் போட்டாள், ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து, விட்ட பாத்திரத்தை எடுத்துக்கொண்டு சொன்னாள். "வண்டி வந்துருச்சு புள்ள, செவுத்துக்கு அந்தப்பக்கந்தான் நிக்குது, சத்தங் கேக்குது பாரு, இப்ப வந்துருவாங்கன்னு எனக்குத் தைரியஞ் சொல்லிக்கிட்டே இருந்தாருங்க. இருவது நிமிசம் வரைக்கும் பேச்சு இருந்துச்சு."